தண்ணீரில் நடப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு நீடாமங்கலம் பக்கம். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். நீங்கள் வீடியோ கேம் ஆடுவதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். போன மாதம் ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ வாங்கினேன். ராத்திரி வேலை முடிந்ததும் ஆடுவேன். நிலவறையில் தண்ணீர் நிற்கிற இடம் வருமே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தண்ணீருக்குள் நடந்து வந்து அடிக்கும், அங்கே திரும்பத் திரும்பச் செத்தேன். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினேன், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு சத்தத்தைக் குறைத்தேன், அப்படியும் முடியவில்லை. கடைசியில் யூடியூபில் ஒருவர் ஆடியதை முடிவுவரை பார்த்துவிட்டேன். அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “காசு குடுத்து பயத்த வாங்குறியாடா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பயத்தைத் தேடிப்போவது வீண்வேலையா? இது மனதைக் கெடுக்குமா? இந்த மாதிரி விளையாட்டுகளை இலக்கியத்தோடு சேர்த்துப் பேச முடியுமா?

கதிர்

*

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்தபோது நான் எங்கள் ஊர் இருட்டைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் காத்திருக்கிற மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு முதலில் எழுதுகிறேன்.

இலக்கியமா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை கிடையாது. ஒன்றை இலக்கியம் என்று யாராவது ஒத்துக்கொண்டால்தான் அதற்கு மரியாதை என்கிற நினைப்பை விட்டுவிடு. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு விடிய விடிய பாகவத மேளா நாடகம் நடக்கிறது, தூணிலிருந்து நரசிம்மர் வருகிறபோது முன்வரிசைக் குழந்தைகள் அலறிக்கொண்டு அம்மா மடியில் ஒளியும், அங்கே யாரும் இது இலக்கியமா என்று கேட்டுவிட்டு உட்காருவதில்லை. மனதைக் கெடுக்குமா என்றால், தூக்கம் கெட்டால் நிறுத்து, அவ்வளவுதான். உன் மூன்று கேள்விகளைவிட உன் அப்பா கேட்டதுதான் நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

முடிவுவரை பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முடித்தது அந்த யூடியூப்காரர் தம்பி, நீ இல்லை. அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்த்து ஏப்பம் விட்டிருக்கிறாய். பேய்ப்படத்தில் கண்ணை மூடிக்கொண்டால் படம் தன்பாட்டுக்கு ஓடும், பயங்கரமான கட்டம் போனதும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கலாம். இங்கே நீ கையை எடுத்துவிட்டால் கதை நகராது. அந்தக் கதவு மூடியேதான் இருக்கும், திறக்க வேண்டியது உன் கை.

கதவு என்று சொன்னதும் ஒன்று கேட்கிறேன், நீ அந்தக் கதவுகளைக் கவனித்தாயா? ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்கிற சின்ன ஸ்வீடன் நிறுவனம் 2010இல் வெளியிட்ட விளையாட்டு அது. மற்ற பல விளையாட்டுகளில் ஒரு பட்டனைத் தட்டினால் கதவு தானே திறந்துகொள்ளும். இதில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுக்க வேண்டும். எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவுதான் திறக்கும். விரற்கடை அளவு திறந்து எட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் மூடலாம். பதறினால் கை எதிர்ப்பக்கம் போய், திறக்க வேண்டியதை மூடித் தொலைக்கும். மேசை இழுப்பறையும் அப்படித்தான். தன் கையால் இழுத்தவனுக்கு அந்தக் கதவின் கனம் மணிக்கட்டில் இருக்கும். வீடியோவில் பார்த்தவனுக்கு அது இன்னொரு கதவு, அவ்வளவுதான்.

வெளிச்சத்தைக் கூட்டியதும் அதே குற்றம். விளையாட்டு தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், ஜெயிக்க வேண்டும் என்று ஆடாதே, அந்த உலகத்துக்குள் போ, அறையை இருட்டாக்கு, ஹெட்செட் போடு என்று. திரையின் வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே காட்டிக்கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? நீ ஆடுகிற ஆள் டேனியல், 1839இல் பிரஷ்யாவில் ஒரு கோட்டைக்குள் கண்விழிக்கிறான். கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. லாந்தரில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும், மெழுகுவத்தி ஏற்றுகிற தீப்பெட்டியும் எண்ணித்தான் கிடைக்கும். இருட்டில் நின்றால் அவனுக்குப் புத்தி கலங்கிப் பார்வை ஆடும். வெளிச்சத்தில் நின்றால் வருகிற ஜந்து அவனைப் பார்த்துவிடும். அதை அவன் நேராகப் பார்த்தாலும் புத்தி கலங்கும். ஆக ஒவ்வொரு தாழ்வாரத்திலும், இங்கே விளக்கைக் கொளுத்தலாமா, அணைத்துவிட்டுச் சுவரோரமாகப் போகலாமா என்று நீ முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு எடுப்பதில்தான் பயமே இருக்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி அந்த முடிவையே இல்லாமல் பண்ணிவிட்டாய்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சத்தத்தைக் குறைத்தாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தண்ணீருக்குள் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று நீயே எழுதியிருக்கிறாய். அது இருக்கிற இடத்துக்கு உனக்குள்ள அடையாளம் தண்ணீரில் கால் விழுகிற சளப் சளப் சத்தமும், தெறிக்கிற நீரும்தான். கண்ணுக்குத் தெரியாததைக் காதையும் பொத்திக்கொண்டு எப்படிச் சமாளிப்பாய்? நீ டெல்டாக்காரன். தண்ணீரில் யாரோ நடக்கிற சத்தத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் எங்களுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள், எங்கள் முறை பெரும்பாலும் ராத்திரியில் வரும். அண்ணன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான், அதனால் அப்பாவுக்குத் துணையாக நான் போவேன். மூன்று பேட்டரி டார்ச் ஒன்று இருந்தது. பேட்டரி தீரப்போகும்போது அம்மா அவற்றை எடுத்துக் கூரை ஓட்டின் மேல் வெயிலில் வைப்பாள், இன்னும் இரண்டு ராத்திரி வரும் என்று. அப்படிப்பட்ட டார்ச்சை அப்பா தேவைக்கு மேல் ஒரு நொடி எரியவிடமாட்டார்.

மடையைத் திறந்துவிட்டு வரப்பில் குந்தியிருப்போம். டார்ச் அணைந்திருக்கும். அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். தண்ணீர் வயலில் பரவுகிற சத்தத்துக்கு நடுவில், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி களக் களக் என்று ஒன்று தனியாகக் கேட்டால் நண்டு வளை. கண்டுபிடிக்காமல் விட்டால் விடிவதற்குள் நம் தண்ணீர் அடுத்தவன் வயலில் நிற்கும். இருட்டிலேயே எழுந்து போவார், வரப்பின் சரிவில் காலால் தடவுவார், வளை வாய் தட்டுப்பட்டதும் ஒரு பிடி வைக்கோலைச் சேற்றில் புரட்டித் திணித்துக் குதிகாலால் மிதிப்பார். சத்தம் நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் வரப்பு முழுக்க ஒரே மாதிரி ஈரமாகத்தான் தெரியும், வளை எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஒரு ராத்திரி தவளைச் சத்தம் வாய்க்காலின் மேற்குப் பக்கம் மட்டும் நின்றது. மற்ற எல்லாப் பக்கமும் கத்திக்கொண்டிருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் மௌனம். கொஞ்ச நேரத்தில் அந்த மௌனம் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. பிறகு தண்ணீருக்குள் கால். சளப். நின்றது. மறுபடி சளப். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, டார்ச்சைத் தேடிக் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னார், “லைட்ட அடிச்சா, அது நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி நாம அதுக்குத் தெரிஞ்சிருவோம்.” இன்னும் இரண்டு சளப். மாடு என்றால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், இது தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா ஒருதரம் செருமினார், அவ்வளவுதான். கால் சத்தம் நின்றது, பிறகு வந்த வழியே போனது. தவளைகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. யாரோ எங்கள் மடையை அடைக்க வந்திருக்கிறார். யாருப்பா என்று கேட்டேன். “மூஞ்சியப் பாத்துட்டா நாளைக்கு சண்டை. நாம முழிச்சிருக்கோம்னு தெரிஞ்சா போதும், போயிருவான்” என்றார்.

அன்று எனக்கு இருந்தது சுத்தமான பயம். ஆனால் அந்தப் பயத்தில் என் காது திறந்திருந்த மாதிரி அதற்குப் பிறகு எந்த நாளும் திறந்ததில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு ஆழம், காற்று எங்கே நாணலில் உரசுகிறது, அப்பா மூச்சை எப்போது அடக்குகிறார், எல்லாம் கேட்டது. பிறகு படிப்பு, கல்யாணம், டவுனில் வீடு. என் மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில் நீ நிற்கிற அதே நிலவறையில் அதே சளப்பைக் கேட்டேன், உடம்பு முழுக்க அந்த ராத்திரி வந்துவிட்டது. எங்கேயோ ஸ்வீடனில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்கு, கண்ணை வாங்கிக்கொண்டு காதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

உன் அப்பாவுக்கு என் பதில் இதுதான். காசு கொடுத்து வாங்குவது பயத்தையல்ல, பயம் வந்தால் மட்டும் விழித்துக்கொள்கிற கவனத்தை. இன்றைக்கு நம் பக்கத்தில் முச்சந்திக்கு முச்சந்தி ஹைமாஸ் விளக்கு. பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போன் டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தபடி வரப்பில் நடக்கிறார்கள். விரியன் இருக்கிற ஊரில் காலடிக்கு லைட் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. காதை ஏன் அடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தவளை எந்தப் பக்கம் நின்றது என்று தெரியாத டெல்டாக்காரனை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அந்த ஸ்வீடன்காரர்களே 2023இல் ‘அம்னீசியா: தி பங்கர்’ என்று ஒன்று செய்தார்கள். முதல் உலகப்போர், பிரெஞ்சுச் சிப்பாய், பூமிக்கடியில் ஒரு பதுங்குகுழி. ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடி ஊற்ற வேண்டும், தீர்ந்தால் எல்லா விளக்கும் போய்விடும். கையில் இருக்கிற டார்ச்சைக் கயிறு இழுத்துத்தான் எரியவைக்க முடியும், இழுக்கிற சத்தமே அங்கே திரிகிற மிருகத்தைக் கூட்டிக்கொண்டு வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வந்தபோது, அதன் சத்தம் இருமத் தொடங்கியதும் தெருவில் பேச்சு நின்றுவிடும். ‘அவுட்லாஸ்ட்’ 2013இல் வந்தது. அதில் இருட்டில் பார்க்க வீடியோ கேமராவின் நைட் விஷன் வேண்டும், அது பேட்டரியைக் குடிக்கும். அதை ஆடும்போதெல்லாம் அம்மாவின் கூரை ஓடு எனக்கு ஞாபகம் வரும். ‘ஏலியன்: ஐசோலேஷன்’ 2014, ஒளிந்துகொண்டு கேட்பதில் அதற்கு மேல் இன்னும் எதையும் நான் ஆடவில்லை. துப்பாக்கியைக் கையில் திணித்து அறைக்கு அறை சுடச்சொல்கிறவை எனக்கு வேண்டாம், அவற்றைப் பற்றி எழுதிக் கேட்காதே.

இப்போது நீ செய்ய வேண்டியது. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போ. வீடியோவில் பார்த்தது ஓரளவு ஞாபகம் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அறை விளக்கை அணை, திரையின் வெளிச்சத்தை அவர்கள் சொன்ன அளவுக்குக் கொண்டுவா, ஹெட்செட் போடு. தண்ணீரில் கிடக்கிற மரப்பெட்டி மேல் ஏறியதும் உடனே அடுத்ததுக்குத் தாவாதே. நில். அது சுற்றிவருகிறதைக் கேள், எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது. அங்கே கிடக்கிற சதைத்துண்டு ஒன்றைத் தூரத்தில் எறிந்தால் அது அங்கே ஓடும், சத்தம் தள்ளிப் போனதும் நீ தாவு. ஏற்கெனவே செத்த இடம்தானே, இன்னொருதரம் செத்தால் என்ன.

அப்பாவை ஒருநாள் பக்கத்தில் உட்காரவை. உன் வீட்டில் நிலம் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் அவரும் ராத்திரி மடைக்குப் போனவராகத்தான் இருப்பார். ஹெட்செட்டில் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்து, இது மாடா மனுஷனா என்று கேட்டுப்பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. மறுபடியும் யூடியூபில் பார்த்துவிட்டு முடித்தேன் என்று எழுதினால் உனக்குப் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா