பழைய டிங்கி பொம்மைக் காருக்கு அதன் அட்டைப்பெட்டி ஏன் அவ்வளவு முக்கியம்?

ஏலத்தில் பழைய பொம்மைகளை வாங்கி விற்பவர்கள் 'பெட்டியோடு' என்று சொன்னால், கடையில் முதன்முதலில் விற்றபோது இருந்த அதே பெட்டியும் உடன் இருக்கிறது என்று பொருள்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1979 வரை தயாரித்த டிங்கி கார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் வார்த்தவை என்பதால் குழந்தைகளின் கையில் அடிபட்டும் தப்பித்தன. மெல்லிய அட்டைப்பெட்டிகளோ பெரும்பாலும் அன்றைக்கே குப்பைக்குப் போயின. ஆகவே இன்று காரைவிடப் பெட்டிதான் அரிது.

நிலத்துக்கு மூலப்பத்திரம் போல, பெட்டி நம்பிக்கையும் தருகிறது. 1950களின் பல பெட்டிகளில் உள்ளே இருக்கும் காரின் நிறத்தைக் காட்டும் சிறு வண்ணப்பொட்டு உண்டு. கார் சிவப்பு, பொட்டு பச்சை என்றால் அது வேறொரு காரின் பெட்டி, விலை இறங்கும். ஏலம் கேட்குமுன் இந்தப் பொட்டை அவசியம் பாருங்கள். ஏல விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணத்தையும் சேர்த்தே லாபக் கணக்குப் போடுங்கள்.

புதுப் பெயின்ட் அடித்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள்; உண்மையில் சேகரிப்பாளர்கள் உரிந்த பழைய பெயின்டையே விரும்புகிறார்கள்.