பேசாப்படத்தில் பொறாமை

கேள்வி: பேசாப்பட நகைச்சுவை என்றாலே துரத்தலும் வழுக்கி விழுதலும்தான் என்கிறார் என் நண்பர். தம்பதியரின் சந்தேகத்தை வசனமின்றிச் சிரிப்பாக்க முடியுமா?

பதில்: எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1924-இல் இயக்கிய 'தி மேரேஜ் சர்க்கிள்' படத்தை உங்கள் நண்பர் பார்த்ததில்லை போலும். கதை வியன்னாவில் நடக்கிறது. தொடக்கத்தில் பேராசிரியர் ஸ்டாக், அதாவது நடிகர் அடால்ஃப் மென்ஜு, காலுறையை மாட்டுகிறார். ஓட்டை வழியே விரல் எட்டிப் பார்க்கிறது. அவருடைய இழுப்பறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனைவி மிட்ஸியின் இழுப்பறையோ நிறைந்து கிடக்கிறது. அந்தக் குடித்தனத்தின் நிலையைச் சொல்ல இதற்குமேல் வசனத்தைத் திரையில் காட்டும் எழுத்து அட்டை எதற்கு?

எனக்கு இதைவிடப் பிடித்தது விருந்துக் காட்சி. மருத்துவர் ஃபிரான்ஸின் மனைவி சார்லட், தன் கணவர் வேறொரு பெண்ணின் பக்கத்தில் அமர்ந்துவிடுவாரோ என்று அஞ்சி, மேசைமீதுள்ள பெயர் அட்டைகளை மாற்றி, அவரைத் தன் உயிர்த்தோழி மிட்ஸியின் அருகில் அமர்த்துகிறாள். அந்த மிட்ஸிதான் ஃபிரான்ஸை வளைக்கப் பார்ப்பவள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது சார்லட்டுக்குத் தெரியாது. மிட்ஸியிடமிருந்து தப்ப ஃபிரான்ஸ் அட்டையை மீண்டும் மாற்ற, மனைவியின் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத் தவறாகப் புரிந்துகொள்வதே பொறாமையின் இயல்பு என்பதால்தான் பேசாப்படத்துக்கு அது இவ்வளவு பொருந்தியது. உண்மை பார்வையாளருக்கு மட்டும் தெரியும்.

கேள்வி: குறும்படங்களில் ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: லியோ மெக்கேரி இயக்கி, சார்லி சேஸ் நடித்த 'மைட்டி லைக் எ மூஸ்' (1926). கணவனுக்குத் துருத்திய பற்கள், மனைவிக்குப் பெரிய மூக்கு. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சிகிச்சை செய்துகொண்டு, வெளியே சந்திக்கும்போது அடையாளம் தெரியாமல் காதலிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நம்ப முடியாத கதைதான். ஆனாலும் உண்மையை முதலில் கண்டுகொண்ட கணவன், துருத்திய பற்களைப் பொருத்தியும் கழற்றியும் தானே கணவனாகவும் தானே கள்ளக்காதலனாகவும் மாறி மாறித் தோன்றி, மனைவி நம்பும்படி தன்னோடு தானே மல்லுக்கட்டும் காட்சியில் அந்தக் குறை மறந்துபோகும்.

கேள்வி: லூபிட்ச் படம் பின்னர் பேசும்படமாக வந்ததா?

பதில்: வந்தது. 1932-இல் அவரே 'ஒன் ஹவர் வித் யூ' என்ற பெயரில், கதையைப் பாரிஸுக்கு மாற்றி, பாடல்களோடு எடுத்தார். நாயகன் மாரிஸ் ஷெவாலியர் அவ்வப்போது நம் பக்கம் திரும்பித் தன் சங்கடத்தைச் சொல்கிறார். எனக்கோ வாய் திறக்காத ஃபிரான்ஸின் முகமே போதுமாக இருந்தது.