வாரண்டி முடிந்த பிறகு காரின் கியர்பாக்ஸ் போய்விட்டால் என்ன செய்வது?

கேள்வி: வாரண்டி முடிந்து மூன்றே மாதத்தில் என் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் மூன்று லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. ஆனால் அது, கியர்பாக்ஸை இதுவரை யாராவது கழற்றிப் பிரித்துவிட்டார்களா என்பதைப் பொறுத்தது. எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் கோத்தகிரிக்காரர்கள். இரண்டு ஏக்கர் தேயிலை, அதோடு எனக்கு ஒரு சின்ன வேலை. 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சீசன் நாட்களில் கீழிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுவது வழக்கம். அதனால் எங்கள் ஊருக்குப் போக நாங்களே குன்னூரைச் சுற்ற வேண்டியதாயிற்று. கல்லாறு தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. அப்புறம் ஒன்றரை மணி நேரம், பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், பின்னால் ஒரு டெம்போ டிராவலர்.

என் வண்டியில் இருந்தது இரட்டைக் கிளட்ச் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதிலும் உலர் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கும் ரிவர்சுக்கும் இன்னொன்று. எண்ணெயில் முங்கி இருக்கும் ஈரக் கிளட்சுக்குச் சூட்டைக் கடத்த அந்த எண்ணெய் இருக்கிறது. உலர் கிளட்சுக்குக் காற்று மட்டும்தான். மேட்டில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, முழுதாக விடாது, தேய்ந்துகொண்டே இருக்கும். மேனுவல் வண்டியில் அரைக் கிளட்சில் நின்றால் நம் காலுக்கே தெரியும், மூக்குக்கும் தெரியும். இதில் எல்லாவற்றையும் வண்டியே செய்வதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பர்லியார் வருவதற்குள் டிஸ்ப்ளேயில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் முதல் கியர் விழவில்லை. இரண்டாம் கியரிலேயே மேட்டில் கிளம்பப் பார்த்தது, கருகிய வாடை வந்தது, பிறகு எதுவும் விழவில்லை. பர்லியார் பழக்கடைக்காரர் ஒருவர் ஓடி வந்து பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். "பயப்படாதீங்க சார், வாரத்துக்கு ரெண்டு வண்டி இங்க இப்படி நிக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று இன்னும் தெரியவில்லை. ரெக்கவரி வண்டிக்காரர் கோவைக்கு 6,500 ரூபாய் கேட்டார். கம்பெனி கொடுத்த சாலை உதவி, வாரண்டியோடு சேர்ந்து முடிந்திருந்தது.

வண்டிக்கு வயது நான்கு வருடம் மூன்று மாதம், ஓடியது 46,000 கிலோமீட்டர். வாரண்டி நான்கு வருடம். நீட்டிப்பு வாரண்டி எடுக்கச் சொல்லி இரண்டு தடவை போன் வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. சேர்த்து 3,42,000 ரூபாய் என்று எஸ்டிமேட் வந்தது. "சார், நாங்க உள்ள பிரிக்கிறதில்ல. மொத்தமா அசெம்பிளிதான் மாத்தணும்" என்றார் அட்வைசர். அந்த மாதம் எங்களுக்குப் பச்சைத் தேயிலை கிலோ 17 ரூபாய்க்குப் போனது. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: இருபது டன் இலை. எங்கள் இரண்டு ஏக்கரில் இரண்டு வருடம் பறித்தாலும் அவ்வளவு வருவது கஷ்டம், கூலியும் உரமும் போக என்பதைச் சேர்க்காமலே.

நல்லவேளை அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டேன்: பிழைக் குறியீடுகளோடு ஸ்கேன் அறிக்கையின் பிரிண்ட்; எந்தப் பாகம் போயிருக்கிறது, ஏன் அசெம்பிளியே மாற்ற வேண்டும் என்பதற்கான விளக்கம்; மாற்றினால் பழைய கியர்பாக்ஸ் எனக்கா அவர்களுக்கா என்பது. முதலாவதை அன்றே கொடுத்தார்கள். இரண்டாவதற்கு நாலு நாள் இழுத்தார்கள். "கிளட்ச் அதிக வெப்பம், ஹைட்ராலிக் அழுத்தம் குறைவு" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றுக்கும் உதவியது.

இன்சூரன்சை நம்பாதீர்கள். விபத்துச் சேதத்துக்குத்தான் அது. தானாகத் தேய்ந்து போனதும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று கூடுதலாக எடுத்திருந்தாலும், வெள்ளம் புகுந்தது, அடியில் கல் மோதி ஆயில் ஒழுகியது போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் கை கொடுக்கும்.

அடுத்து கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு நேராக மெயில் போட்டேன். டீலருக்குப் போட்டுப் பயனில்லை, அவர் கையில் அதிகாரம் இல்லை. வாங்கிய நாள் முதல் எல்லா சர்வீசும் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் செய்தேன் என்பதற்கான பில்கள், வண்டி ஓடிய தூரம், அந்த ஸ்கேன் அறிக்கை, வாரண்டி முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது, எல்லாம் ஒரே மெயிலில். கோபமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. "உரிமையாகக் கேட்கவில்லை, நல்லெண்ண அடிப்படையில் எவ்வளவு பங்கு ஏற்பீர்கள்" என்று மட்டும் கேட்டேன். முதல் பதில், வருந்துகிறோம். விடாமல் இரண்டாவது மெயில் போட்டேன். மூன்றாவது வாரத்தில், உதிரிபாக விலையில் 40 சதவீதம் குறைக்கிறோம் என்று வந்தது. அப்படியும் இரண்டு லட்சத்துக்கு மேல் நின்றது.

இங்கேதான் நான் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு, கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் ஒரு தனிப் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் கியர்பாக்ஸைப் பிரித்தார். என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். "பல்லெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க சார். கிளட்சு ரெண்டும் கருகிப் போச்சுங்க, அப்புறம் இந்த அழுத்தம் கொடுக்கிற யூனிட்டுல விரிசலுங்க. இதுக்குப் போயி மொத்தப் பொட்டியையும் மாத்தச் சொன்னாங்களா?" என்று சிரித்தார். கிளட்ச் புதிது, அந்த யூனிட் பழுது நீக்கி, ஆயில், கூலி, மென்பொருள் சரிசெய்தல் எல்லாம் சேர்த்து 1,08,000 ரூபாய். பில்லோடு, ஆறு மாத வாரண்டியோடு.

வண்டி ஓடியது. மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டுக்கு வந்து, செலவான பணத்தைக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டபோது அவர் முதலில் கேட்டது: "பிரிச்சாச்சா?" தயாரிப்பிலேயே குறை இருந்தது என்று காட்ட, பழுதான நிலையில் உள்ள பாகத்தை நிபுணர் பார்க்க வேண்டும். ஆணையமே சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. வெளியில் பிரித்து, விரிசல் விட்ட யூனிட்டைச் சரி செய்த பிறகு எதிர்த்தரப்பு, "யார் என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்" என்று ஒரே வரியில் தட்டிவிடும். என்னிடம் போட்டோகூட இரண்டுதான் இருந்தது.

ஆகவே வண்டி சீக்கிரம் வேண்டுமா, வழக்கு வேண்டுமா என்று திறப்பதற்கு முன்னால் தீர்மானியுங்கள். எனக்கு வண்டி வேண்டும் என்றுதான் அப்போதும் முடிவு செய்திருப்பேன். அம்மாவை டயாலிசிசுக்கு வாரம் இரண்டு தடவை கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஆனால் தெரிந்து செய்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு.

வழக்கு என்றால் பயப்பட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். எங்களுக்கு அது ஊட்டி. கோவைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான் பார்க்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் வெறும் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிடுங்கள். செலவில்லை, கம்பெனியிடமிருந்து ஒரு பதிலாவது எழுத்தில் கிடைக்கும். வாரண்டி முடிந்துவிட்டது என்பதாலேயே வழக்கு செல்லாது என்றில்லை. ஆனால் மலையேற்றத்தில் நீங்களே கிளட்சைத் தேய்த்தீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள். என் விஷயத்தில் அதில் பாதி உண்மையும் இருந்தது, சொல்லித்தானே ஆக வேண்டும்.

இப்போதெல்லாம் சீசன் நெரிசலில், முன் வண்டி ஐந்தாறு மீட்டர் போகும் வரை பிரேக்கை அழுத்திக்கொண்டே நிற்கிறேன். பிறகு ஒரே மூச்சில் போய் நிற்கிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அடித்துவிட்டுப் போகட்டும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து மேட்டில் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் நிற்கிறேன். பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க அது ஒரு சாக்கு.

உங்கள் கேள்வியில் வண்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னும் பிரிக்கவில்லை என்றால், நான் எழுத்தில் கேட்ட அந்த மூன்றையும் நாளைக் காலையிலேயே கேட்டு வாங்குங்கள். பிரித்துவிட்டார்கள் என்றால், பழைய பாகங்களை ஒரு மூட்டையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.