சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட அம்மா இருக்கும் வீட்டில் ஆடு, கோழி, நாய் இருக்கலாமா, விற்றுவிட வேண்டுமா?

விற்க வேண்டாம். அம்மா இதுவரை பார்த்துவந்த சில வேலைகளை வேறொருவர் கைக்கு மாற்றினால் போதும்.

நீங்கள் மேலூர்ப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். என் அக்காவுக்கும் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது, வீட்டில் வெள்ளாடுகள் இன்றும் இருக்கின்றன.

டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு எல்லாம் புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்கக் கொடுப்பவை. அதனாலேயே கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைந்துபோகிறது. முதல் ஆறு மாதம் மிகவும் கவனம் வேண்டும். பிறகு எப்போதாவது மருந்தின் அளவைக் கூட்டினால் அந்தக் கவனம் மறுபடியும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஆடு குட்டி போடும் நேரத்துக்குத்தான். புருசெல்லா என்ற பாக்டீரியா தொற்றிய ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் ஏராளமாக இருக்கும். கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய்விடும். ஆட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மாதம் நிறையாமல் குட்டியை வீசினால்தான் சந்தேகமே வரும். நம் ஊரில் குட்டி சிக்கிக்கொண்டால் இழுத்துவிடுவதும் நஞ்சை அள்ளுவதும் பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் வெறுங்கையால். உங்கள் அம்மா அன்றைக்குக் கொட்டத்துப் பக்கமே வரக்கூடாது. செய்கிறவர்கள் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளட்டும். நஞ்சை நாய்க்குப் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.

அக்காவுக்கு வந்தது இதுதான். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை, இடுப்பு வலி. பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி மாத்திரை மேல் மாத்திரையாகக் கொடுத்தார்கள். வீட்டில் ஆடு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மதுரையில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் புருசெல்லா என்று தெரிந்தது. இதற்கான சிகிச்சை குறைந்தது ஆறு வாரம். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு வழக்கமாகச் சேர்க்கும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை மளமளவென்று இறக்கிவிடும். மாற்றிய சிறுநீரகத்துக்கே அது ஆபத்து. அதனால் சிறுநீரக டாக்டரிடம் கேட்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் ஆரம்பிக்காதீர்கள்.

மாடும் இருந்தால் இன்னொன்று. கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லாவால் வரும் கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி போடுவார்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, ஊசி தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கும் நோய் வரும். அன்றைக்குக் கன்றைப் பிடிக்க அம்மா போக வேண்டாம்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஆட்டுப்பால், மாட்டுப்பால் எதுவானாலும் பொங்கக் காய்ச்சிய பிறகுதான். "ரத்தம் ஊறும், சுவரொட்டியை லேசா வாட்டிக் கொடு" என்று ஆட்டு மண்ணீரலைப் பெரியவர்கள் சொல்வார்கள். அரைவேக்காடாக எதையும் கொடுக்காதீர்கள். ஆஃப்பாயிலும் வேண்டாம், நாட்டுக்கோழி முட்டையாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமி வரலாம். கோழிக்கூட்டைச் சுத்தம் செய்வதை அம்மாவிடம் விடாதீர்கள். பாண்டி கோயிலில் கிடா வெட்டு என்றால் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும், குடல் அலசுகிற இடத்தில் மட்டும் உட்கார வேண்டாம்.

நாயின் வாயில் இயல்பாகவே கேப்னோசைட்டோஃபாகா, பாஸ்ட்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உண்டு. நாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு, முக்கியமாக மண்ணீரலை எடுத்துவிட்டவருக்கு, ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். அம்மாவின் காலில் புண் இருந்தால் நாய் நக்க விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போடும் இடத்தில் உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தம் வராத கீறலுக்குக்கூட இவர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.

பூனை இருந்தால் உண்ணி, தெள்ளுப்பூச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குட்டிப் பூனையோடு விளையாட வேண்டாம். அதன் நகக் கீறலில் பார்ட்டொனெல்லா என்ற பாக்டீரியா தொற்றலாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் அதிகம் ஏறாமலேயே தொற்று முற்றிவிடும், அசதியும் நடுக்கமும் இருந்தாலே கிளம்பிவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் ஆடு எப்போது குட்டி போட்டது, ஏதாவது குட்டி வீசியதா, நாய் நக்கியதா என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் போடும் முன்னரே கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். புருசெல்லா சந்தேகம் இருப்பது லேபுக்கும் தெரிய வேண்டும். அது மெதுவாக வளரும் கிருமி. தெரியாமல் கையாண்டால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் தொற்றிவிடும்.