காவிரியில் தூண்டில் போட்டுப் பழகியவன் ஒன்டாரியோ ஏரியில் லேக் ட்ரவுட், சால்மன் பிடிக்க என்னென்ன வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி பவானிக்காரர், கூடுதுறைப் பக்கம் தூண்டில் போட்டு வளர்ந்தவர், வேலைக்காக டொராண்டோ போகிறார் என்று எழுதியிருக்கிறார். நான் கோபிச்செட்டிபாளையம். அந்த ஏரிக்கரையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேங்க.

நம்ம ஆற்றில் மண்புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம், மீன் வரும். அங்கே நாம்தான் மீனைத் தேடிப் போகணும். அந்த ஏரியின் சராசரி ஆழமே 86 மீட்டர். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு, பின்னால் ஸ்பூன் மாதிரியான உலோகத் தகட்டு இரையை இழுத்துக்கொண்டே போவதுதான் ட்ரோலிங்.

கடைக்குப் போனால் நூறு வண்ணத்தில் ஸ்பூன் தொங்கும். காசை அதில் கொட்டாதீங்க. முதலில் ஆழம், அப்புறம் வேகம், கடைசியாகத்தான் வண்ணம். ஆழத்தை முடிவு செய்வது தண்ணீரின் குளிர். கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பு, அடியில் கடும் குளிர், நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஓர் அடுக்கு. இதைத் தெர்மோக்ளைன் என்பார்கள். லேக் ட்ரவுட்டுக்குச் சுமார் 10 டிகிரி பிடிக்கும். அந்த அடுக்குக்குக் கீழே, பெரும்பாலும் தரையை ஒட்டியே கிடக்கும். சினூக் சால்மன் அந்த அடுக்கை ஒட்டி, 12 டிகிரி வாக்கில், சின்ன மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நடுத்தண்ணீரில் திரியும்.

அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. சிறந்தது டவுன்ரிக்கர். நாலைந்து கிலோ ஈயக்குண்டை எஃகுக் கம்பியில் இறக்குவார்கள். உங்கள் தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பை, குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி, இரையை அதற்குப் பின்னால் ஐந்து முதல் பதினைந்து மீட்டர் தள்ளி ஓட விடணும். ராடு கிளிப்பின் இழுப்பில் வில்லாக வளைந்து நிற்கும். மீன் அடித்ததும் கிளிப் விட்டுவிடும். ராடு சட்டென்று நிமிர்ந்து, மறு நொடி மீனின் எடையில் மறுபடி வளையும். அந்த நிமிர்வைப் பார்த்தவுடன் ராடைக் கையில் எடுத்து, தொய்வைச் சுற்றிவிடுங்க. ஒன்றைக் கவனத்தில் வையுங்க: படகு ஓடும்போது குண்டு பின்வாங்கும், அதனால் இறக்கிய கம்பியின் நீளம் காட்டும் கருவியில் 40 என்று காட்டினாலும் உண்மையான ஆழம் அதைவிடக் குறைவுதான்.

இரண்டாவது லெட்கோர், அதாவது உள்ளே ஈயக் கம்பி ஓடும் நரம்பு. பத்து கஜத்துக்கு ஒரு வண்ணம் மாறும். வேகத்தைப் பொறுத்து, ஒரு வண்ணத்துக்குத் தோராயமாக ஐந்தடி இறங்கும். ஊருக்கு வந்தபோது என் ரீலைப் பவானிசாகரில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். நரம்பை நகத்தால் நசுக்கி ஈயத்தைத் தொட்டுப் பார்த்தவர், "நின்னா அடியில போய்ப் படுத்துக்குமுங்களே, ஓட்டிக்கிட்டே இருக்கோணும்"னார். படகின் வேகம்தான் ஆழம் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது டைவர் தட்டு. படகுக்குப் பக்கவாட்டில் விலகிக்கொண்டே நரம்பைக் கீழே இழுக்கும். ஒரே படகில் நிறையத் தூண்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது உதவும்.

வேகத்துக்கு வருவோம். லேக் ட்ரவுட் சோம்பேறி, மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் போதும். டாட்ஜர் என்னும், ஆடி ஆடி மீனை இழுக்கும் தகட்டின் பின்னே சின்ன இரையைக் கட்டி, தரைக்கு ஓரிரு மீட்டர் மேலே ஓட்டுங்க. சினூக்குக்கு மூன்றரை முதல் நாலரை வரை போகலாம். ஸ்பூன், இல்லையென்றால் ஃப்ளாஷர் என்னும் சுழலும் மினுக்குத் தகடும் அதன் பின்னால் செயற்கை ஈ இரையும். ஜிபிஎஸ் காட்டுவது படகின் வேகத்தைத்தான். அடியில் வேறு நீரோட்டம் ஓடும், எனவே டவுன்ரிக்கர் கம்பி எவ்வளவு சாய்கிறது என்பதிலும் கண் இருக்கட்டும். நேர்கோட்டிலேயே ஓட்டாமல் வளைந்து வளைந்து போங்க. திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து இறங்கும், வெளிப்பக்கம் வேகம் கூடி ஏறும். எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அன்றைக்கு மீன் கேட்கும் வேகம் அதுதான்.

வசந்தத்தில் ஏரி முழுக்கக் குளிராக இருப்பதால் இத்தனை ஈயமும் தேவையில்லை, மேல்தண்ணீரிலேயே பிடிக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் சினூக் ஆற்று முகத்துவாரங்களுக்கு வந்து கூடும்.

"பவானிசாகரில் இதே முறை எடுபடுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். நம்ம அணையில் அந்தக் குளிரும் இல்லை, அந்த மீனும் இல்லை. கட்லாவும் ரோகுவும் ஸ்பூனைத் துரத்துகிற சாதி அல்ல. பவானியில் வந்து சேரும் குந்தா ஆற்றின் தலைமாட்டில், அவலாஞ்சியில், 1907-லேயே ட்ரவுட் குஞ்சுப் பண்ணை அமைத்தார்கள். ஆனால் அது ரெயின்போ ட்ரவுட், ஓடையில் செயற்கை ஈ கட்டிய தூண்டில் போட்டுப் பிடிப்பது.

போனதும் முதலில் ஒன்டாரியோ அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் எடுத்துவிடுங்க. படகு வாங்குவதற்கு முன் டொராண்டோ பக்கத்துப் போர்ட் கிரெடிட்டில் ஒரு சார்ட்டர் படகில், அதாவது காசு வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் படகில் ஏறி, கேப்டன் குண்டை எத்தனை அடியில் நிறுத்துகிறார், ஏன் மாற்றுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருங்க. பெரிய லேக் ட்ரவுட் கிடைத்தால் தயவுசெய்து விட்டுவிடுங்க. அது மிக மெதுவாக வளர்வது, பல பத்தாண்டு வாழ்வது. ஆழத்திலிருந்து வரும்போது வாய்வழியே காற்றை வெளியேற்றிக்கொள்ளும். முள்ளைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றினால் நன்றாகவே பிழைத்துக்கொள்ளும்.