கொரோனா காலத்தில் அமெரிக்காவில் மேரேஜ் லைசென்ஸ்: கேள்வி பதில்

2020 ஜூன் கடைசி வார நிலவரப்படி எழுதியது இது; இதில் 'இப்போது' என்பதெல்லாம் அந்த நாட்களைத்தான் குறிக்கும். நான் வக்கீல் இல்லை. பல வருடமாக இங்கே நம் பிள்ளைகளின் பதிவுத் திருமணங்களை நடத்தி வைக்கிறவன். அந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

அண்ணா, நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். ஒருவழியாக லைசென்ஸ் வந்துவிட்டது. இனி எங்களுக்குக் கல்யாணம் ஆனதாகத்தானே அர்த்தம்?

இல்லை தம்பி. லைசென்ஸ் என்பது கல்யாணம் செய்துகொள்ள அரசு தரும் அனுமதிதான். அதற்குக் கெடு உண்டு. வழக்கமாக நியூ ஜெர்சியில் 30 நாள், நியூயார்க்கில் 60, கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் 90. அதற்குள் அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னால் திருமணம் நடந்து, அவர் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாள் அலுவலகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அதைப் பதிவு செய்த பிறகு கிடைப்பதுதான் சான்றிதழ். மண்டபம் திறக்கட்டும் என்று லைசென்ஸைப் பீரோவில் பூட்டி வைத்து, கெடு தாண்டிய பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் இந்த இரண்டு மாதத்தில் நிறையப் பேர். உங்கள் ஊரில் ஆபீசுக்கு நேரில் போக முடியவில்லை என்றாலும், மே மாதத்திலிருந்து ஆளுநரின் ஆணைப்படி வீடியோ வழியிலும் நடத்தலாம்.

நியூயார்க் சிட்டியில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. ஜூமில் கல்யாணம் என்கிறார்களே, அது செல்லுமா?

செல்லும். ஏப்ரல் 18 அன்று ஆளுநர் குவோமோ போட்ட ஆணையில், லைசென்ஸ் வாங்குவது, திருமணம் நடத்துவது இரண்டுக்கும் வீடியோ போதும் என்று இருக்கிறது. நகர நிர்வாகம் மே மாதம் 'பிராஜெக்ட் கியூபிட்' என்று ஓர் இணைய வழியும் திறந்திருக்கிறது. ஆனால் நிபந்தனைகளைக் கவனியுங்கள். பதிவு செய்த வீடியோ கூடாது, நேரலையில் பேச வேண்டும். அடையாள அட்டையை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன் என்றால் போதாது, அந்த வீடியோவிலேயே காட்ட வேண்டும். கையெழுத்திட்ட தாளை அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இருவரும் நியூயார்க் மாநிலத்துக்குள் இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஏப்ரல் 30 அன்று ஆளுநர் நியூசம் போட்ட ஆணையிலும் இருவரும் அந்த மாநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அது முதலில் 60 நாளுக்கென்றே வந்தது, அதனால் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அப்படியென்றால் என் கேள்விக்கு வாருங்கள் அண்ணா. நான் நியூயார்க் குயின்ஸில், எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நிச்சயித்த பெண் திருச்சியில். மே மாதக் கல்யாணம் நின்றுபோனது. ஜூமில் முடித்துவிட்டால், எச்1பி காரரின் மனைவிக்குத் தரும் எச்4 விசாவுக்கு விண்ணப்பிக்கலாமே?

இதே கேள்வியை எட்டுப் பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

முதல் தடை மேலே சொன்னதுதான். அவர் திருச்சியில் இருந்துகொண்டு 'நான் நியூயார்க்கில் இருக்கிறேன்' என்று சொல்ல முடியாது. சரி, இருவரும் எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்கிற யூட்டா மாநிலத்து யூட்டா கவுண்டி மாதிரி ஓர் இடத்தைப் பிடித்தாலும் அடுத்த தடை வருகிறது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் கணவன் மனைவி யார் என்று சொல்லும் பிரிவு, மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை ஏற்பதில்லை. அந்தச் சடங்குக்குப் பிறகு இருவரும் தம்பதியாகச் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. முன்னால் பழகியதெல்லாம் கணக்கில் வராது. ஆக, மாநிலம் கொடுத்த சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும், விசா அதிகாரியிடம் அதற்கு மதிப்பு இருக்காது.

மூன்றாவது, இப்போது விசாவே இல்லை. மார்ச்சிலிருந்து தூதரகங்களில் வழக்கமான நேர்காணல்கள் நின்றுவிட்டன. ஜூன் 22 அன்று வந்த அதிபர் பிரகடனம் புதிய எச்1பி, எச்4 காரர்கள் உள்ளே வருவதை டிசம்பர் 31 வரை நிறுத்திவிட்டது. இன்றைக்கே தாலி கட்டினாலும் அவர் இந்த வருடம் வர வழியில்லை. பிறகு எதற்கு ஜூமில் ஒரு தேதி, ஊரில் ஒரு தேதி என்ற இரட்டைத் தேதிச் சிக்கல்? 'நானே ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று கிளம்பும் முன் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையைப் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால் திரும்பி வர முடியாமல் நீங்களும் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால், காத்திருங்கள் என்பேன். கசப்பான பதில்தான்.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர், குடும்பப் பெயர் காலி. விசாவில் எஃப்என்யூ என்று அச்சாகியிருக்கிறது. ஆன்லைன் படிவம் இரண்டு பெயர் கேட்கிறது.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி! இன்ஷியலோடு வளர்ந்த நமக்கு இந்த ஊர்ப் படிவத்தில் இடமே கிடையாது. எஃப்என்யூ என்றால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள். அது உங்கள் பெயர் இல்லை. படிவத்தை அனுப்பும் முன் லைசென்ஸ் ஆபீஸ் கிளார்க்கிடம் போனில் பேசி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எப்படிப் பதிவார்கள் என்று கேளுங்கள். அங்கே சொன்னதை எழுதி வையுங்கள். அப்பா பெயரை நீங்களாக ஒட்ட வேண்டாம்.

திருமணத்துக்குப் பிந்தைய பெயர் என்ற கட்டத்திலும் நிதானம் தேவை. கலிபோர்னியாவில் அங்கே எழுதியதைப் பின்னால் மனம் மாறித் திருத்த முடியாது. என் கல்யாணத்தில் என் மனைவி பெயரில் ஓர் எழுத்து கூடிவிட்டது. சந்தோஷத்தில் இருவரும் பார்க்கவில்லை. அந்த ஒரு எழுத்தைக் கழற்ற ஐந்து மாதம் ஆனது. வீடியோவில் கிளார்க் திரையைக் காட்டும்போது வெட்கப்படாமல் எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

நான் எச்1பி, அவள் எஃப்1 மாணவர் விசாவில். விசா நிலையைக் கேட்பார்களா?

லைசென்ஸுக்கு அது தேவையில்லை, அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். முன்பு திருமணம் ஆகியிருந்தால் அது முடிந்த விவரம் கேட்பார்கள். பிறகு அவர் எச்4க்கு மாற விரும்பினால் இங்கிருந்தபடியே விசா நிலையை மாற்றக் கேட்கும் ஐ-539 படிவம் போடலாம்.

நண்பன் ஆன்லைனில் அர்ச்சகர் பட்டம் வாங்கி நடத்தலாமா?

கலிபோர்னியாவில் பிரச்சினை இல்லை. நியூயார்க் சிட்டியில் நடத்துகிறவர் நகர கிளார்க்கிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வர்ஜீனியா கறார், அங்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். கொலராடோவில் நடத்தி வைக்க ஆளே வேண்டாம், மணமக்களே கையெழுத்திடலாம். கூட்டம் சேர்க்க முடியாத இந்த நேரத்தில் எனக்குப் பிடித்த சட்டம் அது, என் பிழைப்பு போனாலும் சரி.

ஐயா, கோவையிலிருந்து எழுதுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் கலிபோர்னியா ஆரஞ்சு கவுண்டியில். இப்போது அங்கே பதிவு, அடுத்த வருடம் இங்கே முகூர்த்தம் என்கிறார்கள். இங்கேயும் பதிய வேண்டுமா?

வேண்டாம் அம்மா. அங்கே ஏப்ரலில் அனாஹைம் ஹோண்டா சென்டரின் டிக்கெட் கவுண்டர்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து லைசென்ஸ் கொடுத்து, திருமணமும் நடத்தி வைத்தார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அது முழுச் சட்டப்படியான திருமணம். அந்தத் தேதிதான் அவர்களுடைய திருமணத் தேதி, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள். கோவையில் இன்னொரு தேதியில் பதிந்தால் இரண்டு சான்றிதழ், இரண்டு தேதி என்று ஆகி, பின்னால் கிரீன் கார்டு சமயத்தில் கேள்வி வரும். இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் கலிபோர்னியா சான்றிதழுக்கு அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் காட்டுவதற்கான உறுதி முத்திரை வாங்கினால் போதும். முகூர்த்தத்தைத் தாராளமாக வையுங்கள், மேளதாளத்தோடு. சான்று பெற்ற நகல் மட்டும் குறைந்தது மூன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தபால் இப்போது ஆமை வேகத்தில் போகிறது.