குழுவாகச் சேர்ந்து நன்றாக வேலை செய்யும் முறையை எப்படி உருவாக்குவது?

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த குழு அதுதான், அதை வைத்தே சொல்கிறேன். குழுவில் எல்லாருக்கும் கீழே இருப்பவர் வாய் திறந்து பேச, வேலைக்கு நடுவிலேயே ஓர் இடம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்களுக்குப் பழகிப் பழகி ஒத்துப்போக நேரம் கிடையாது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், டெக்னீசியன் என்று கேஸுக்குக் கேஸ் ஆட்கள் மாறுவார்கள். அதனால் முறைதான் எங்களைச் சேர்த்து வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் இதற்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும்.

கத்தி வைக்கும் முன் நிற்பதை 'டைம் அவுட்' என்போம். அப்போது ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். எவ்வளவு ரத்தம் போகலாம் என்று சர்ஜன் சொல்வார். கருவிகள் கிருமி நீக்கப்பட்டவைதானா என்று நர்ஸ் சொல்வார். பெயர் சொல்வது சடங்கு மாதிரித் தெரியும். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை குரல் கொடுத்தவருக்குத்தான், பின்னால் ஏதாவது தப்பாகப் பட்டால் தயக்கம் இல்லாமல் பேச்சு வருகிறது. இதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு கேஸில் வயிற்றை மூடும் நேரம். புதிதாகச் சேர்ந்த பெண், வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் மாப் துணிகளை எண்ணிவிட்டு, "சார், ஒன்று குறைகிறது" என்றாள். சர்ஜன் தையலை நிறுத்திவிட்டு, "சரி சிஸ்டர், இன்னொரு தடவை எண்ணுங்கள்" என்றார், அவ்வளவுதான். வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தார், நாங்கள் பக்கெட்டைக் கொட்டிப் பார்த்தோம். கடைசியில் மேல்விரிப்பின் மடிப்பில் இருந்தது. அவர் அன்று ஒரு சிடுசிடுப்பு காட்டியிருந்தால் அந்தப் பெண் அடுத்த முறை சொல்ல யோசித்திருப்பாள். தலைவர் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இதுதான் என்பேன்.

பட்டியலை மாட்டி வைத்தால் மட்டும் போதாது. டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2014-ல் வந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. காரணம் பற்றிப் பல கருத்துகள் உண்டு. மேலிடத்து உத்தரவுக்காக டிக் அடிக்கிற பட்டியலால் யாரும் பேசத் தொடங்குவதில்லை என்பது என் கருத்து.

உங்கள் வேலையில் எந்தக் கட்டத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் நிற்கும் இடத்தை வையுங்கள். இரண்டு மூன்று கேள்வி போதும், வாய்விட்டுக் கேட்க வேண்டும். எங்களிடம் அதைப் படிப்பது சர்ஜன் இல்லை, ஆபரேஷனில் கை வைக்காமல் தியேட்டருக்குள் சுற்றுவேலை பார்க்கும் நர்ஸ். நீங்களும் அந்தத் தாளை மேனேஜர் கையில் கொடுக்காதீர்கள்.